கார்வெட்: பைபர் பாடி, லீஃப் ஸ்பிரிங், புஷ்ராட் வி8

லாரி பட்டறையில் வேலை செய்கிறேன். அமெரிக்க ஷெவர்லே நிறுவனத்தின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் லாரி மாதிரி லீஃப் ஸ்பிரிங்தான் (பட்டை ஸ்பிரிங்) என்கிறார்கள். அவ்வளவு வேகமாக ஓடும் காருக்கு அது எப்படிச் சரிப்பட்டது?
– வாசகர், அம்பத்தூர்

லீஃப் ஸ்பிரிங் இருந்தது உண்மை. ஆனால் அது செய்த வேலை வேறு. லாரியில் பட்டைகள் நீளவாக்கில் இருக்கும். அவை எடையைத் தாங்கும், ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கும், பிரேக் போடும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்வதையும் தடுக்கும். 1963இல் வந்த ஸ்டிங் ரே கார்வெட்டில் பின்னால் குறுக்குவாக்கில் ஒரே ஒரு கட்டுதான். சக்கரத்தைப் பிடிப்பது டிரெய்லிங் ஆர்ம் என்ற நீளவாக்குக் கையும் கீழே உள்ள ராடும். டிரைவ் ஷாஃப்ட்டே மேல் இணைப்பாகவும் உழைத்தது. ஸ்பிரிங்குக்கு எடை தாங்கும் வேலை மட்டுமே. இரண்டு பின்சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கின. 'லாரி ஸ்பிரிங்' என்று கேலி செய்பவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

1981இல் ஆட்டோமேட்டிக் கியர் கார்களில் எஃகுக் கட்டுக்குப் பதில் கண்ணாடி இழையாலான ஒற்றைப் பட்டை வந்தது. 20 கிலோவை நெருங்கிய பாகம் 4 கிலோவுக்கும் கீழே இறங்கியது. 1984 மாடலில் முன்னும் பின்னும் அதே வகை. துரு பிடிக்காது, பட்டைகளுக்கிடையே உராய்வு கிடையாது, எடை தரைக்கு அருகிலேயே தங்கிவிடும். 2019 மாடல் வரை இது நீடித்ததற்குக் காரணம் சிக்கனம் மட்டுமல்ல.

வேலை பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இழைப் பட்டையின் மேல் ஜாக்கி வைக்கவே கூடாது. மேல் தோல் உடைந்து இழை பிரிந்தால் பிறகு ஒட்டுப்போட வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். பழைய எஃகுக் கட்டில் பின்பக்கம் தாழ்ந்திருந்தால், ஸ்பிரிங்கைக் குறை சொல்லுமுன் இரு முனையிலும் உள்ள நீள போல்ட்டின் ரப்பர்கள் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கார்வெட்டுக்கு ஏன் பைபர் பாடி? அதில் விரிசல் விட்டால் காசிமேட்டில் பைபர் படகு சரிசெய்பவர்களிடம் கொடுக்கலாமா?
– வாசகர், ராயபுரம்

ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் தலைமையில் உருவான கார்வெட், 1953 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் காட்டப்பட்டு, அதே ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் தயாரிப்புக்கு வந்தது. முதல் ஆண்டில் 300 கார்கள்தான். எல்லாமே வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு. இவ்வளவு குறைந்த எண்ணிக்கைக்கு எஃகுத் தகடு அழுத்தும் டை செய்தால் செலவும் கட்டாது, நேரமும் போதாது. அவசரத்துக்குப் பிடித்த பைபர் வழி இன்றுவரை அந்தக் காரின் அடையாளமாகிவிட்டது.

இதன் முதல் பக்கவிளைவு மின்சாரத்தில்தான் தெரியும். பைபரில் மின்சாரம் பாயாது. பாடியையே எர்த்தாக வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு விளக்குக்கும் சேசிஸ் வரை தனி எர்த் ஒயர் வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கும் மங்கலாக மினுக்கினால் முதலில் எர்த் முனையைச் சுரண்டிப் பாருங்கள். இன்னொன்று, பைபர் துருப்பிடிக்காது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. முன்கண்ணாடியைச் சுற்றி உள்ளே மறைந்திருக்கும் கூடு எஃகு. பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். உப்புக் காற்றில் வெளியே பளபளவென்று இருக்க, உள்ளே அரித்துவிடும்.

இனி விரிசலுக்கு வருவோம். கையால் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) படிய வைக்கும் வேலை காசிமேட்டில் நன்றாகவே தெரியும். ஆனால் எந்த ஆண்டு கார் என்பதை அவர்களிடம் முதலில் சொல்லுங்கள். 1950, 60களின் பாடிக்குச் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் போதும். 1970களில் அச்சில் அழுத்திச் செய்யும் எஸ்.எம்.சி. தகடு வந்தது, அதில் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது, சில மாதத்தில் உரிந்துவிடும். அதற்கு எபாக்ஸிதான். எபாக்ஸிக்கு நெய்த துணி போடுங்கள்: வழக்கமான சாப்டு மேட்டில் உள்ள பசை பாலியெஸ்டரில் கரையும் வகை, எபாக்ஸியில் கரையாது.

முதலில் நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். மந்தமான சத்தம் வரும் இடம்வரை அடுக்கு பிரிந்திருக்கிறது. விரிசலின் நுனியில் 3 மி.மீ. துளை போட்டால் அது மேலும் ஓடாது. உட்பக்கத்திலிருந்து சாய்வாகத் தேயுங்கள். சாய்வு 1:12 இருக்கட்டும், 3 மி.மீ. தடிமனுக்கு இருபுறமும் சுமார் 36 மி.மீ. இந்தச் சாய்வைச் சோம்பலில் குறைப்பதால்தான் பெரும்பாலான ஒட்டுகள் ஆறு மாதத்தில் பெயிண்ட்டில் கோடாகத் தெரிகின்றன. அசிட்டோன் போட்டுத் துடைத்து, பாலியெஸ்டர் வேலையானால் 450 கிராம் மேட் மூன்று அடுக்கு. ரெசின், மேட் எடையைப் போல 2 முதல் 2.5 மடங்கு. சென்னை வெயிலில் ஹார்டனர் 1 விழுக்காடு போதும், அதாவது 100 கிராம் ரெசினுக்கு 1 கிராம். சீக்கிரம் காயட்டும் என்று கூட்டினால் சூடேறி, சுருங்கி, மறுபடி வெடிக்கும். ஹார்டனரையும் கோபால்ட் முடுக்கியையும் நேரடியாகக் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் இந்த வேலையை எடுக்காதீர்கள். ஈரப்பதம் அடுக்குகளுக்கிடையே பிடிப்பைக் கெடுக்கும்.

இத்தனை ஆண்டாகப் புஷ்ராட் இன்ஜினையே வைத்திருந்தார்களே, தொழில்நுட்பம் தெரியாமலா?
– பாலிடெக்னிக் மாணவர், குரோம்பேட்டை

தெரிந்துதான். முதல் கார்வெட்டில் 150 குதிரைத்திறன் ஆறு சிலிண்டரும் இரண்டு கியர் ஆட்டோமேட்டிக்கும் இருந்தன, விற்பனை மந்தம். 1955இல் ஷெவர்லேயின் தலைமைப் பொறியாளர் எட் கோல் தலைமையில் வந்த 265 கன அங்குல (4.3 லிட்டர்) சிறிய வி8தான் காரைக் காப்பாற்றியது. ஒரே கேம்ஷாஃப்ட், அதுவும் பிளாக்குக்குள்; அங்கிருந்து புஷ்ராட் என்ற கம்பிகள் மேலே உள்ள ராக்கரைத் தள்ள, வால்வு திறக்கும். ஹெட்டின் மேல் கேம் இல்லாததால் இன்ஜின் குள்ளமாகவும் குறுகலாகவும் இருந்தது; பானட்டும் தாழ்ந்தது. புஷ்ராடே உள்ளே குழலாக இருந்து ராக்கருக்கு ஆயில் கொண்டுபோனது. இரண்டு சிலிண்டர் மையங்களுக்கு இடையே 4.4 அங்குலம், 111.76 மி.மீ. 1955இல் வைத்த இந்த அளவு 2020 மாடலின் 6.2 லிட்டர் எல்.டி.2 வரை மாறவில்லை.

குறையும் உண்டு. லிஃப்டர், புஷ்ராட், ராக்கர் எல்லாம் சேர்ந்த எடையை வால்வு ஸ்பிரிங் இழுத்துத் திருப்ப வேண்டும். சுழற்சி ஏற ஏற வால்வு கேமோடு ஒட்டி ஓடாமல் மிதக்கும். அதனால்தான் கார்வெட்டின் புதிய இஸட்06 மாடலின் 5.5 லிட்டர் இன்ஜினுக்கு மேல்கேம்கள் நான்கு வைத்து 8,600 ஆர்.பி.எம். வரை கொண்டுபோனார்கள்.

1983 மாடல் கார்வெட் என்று ஒன்றை விளம்பரத்தில் பார்த்தேன். நம்பலாமா?
– வாசகர், வேளச்சேரி

வேண்டாம். 1983 மாடல் விற்பனைக்கே வரவில்லை. சோதனைக்குக் கட்டியவற்றில் தப்பிய ஒன்று கென்டக்கி மாநிலம் பௌலிங் கிரீன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சேசிஸ் எண்ணில் பத்தாவது எழுத்தைப் பாருங்கள்: சி என்றால் 1982, இ என்றால் 1984.

1970களின் கார்வெட் சிக்னலில் நின்றாலே சூடாகிறது. ரேடியேட்டரை மாற்றிவிடலாமா?
– மெக்கானிக், புதுப்பேட்டை

அவசரப்படாதீர்கள். நிற்கும்போது சூடாகி, ஓடினால் தணிந்தால், குறை ஃபேனில்தான்: ஃபேன் கிளட்ச் வழுக்கும், அல்லது ரேடியேட்டரைச் சுற்றிய ரப்பர் சீல்கள் உதிர்ந்து, காற்று ரேடியேட்டர் வழியாகப் போகாமல் பக்கவாட்டில் நழுவும். ஜி.எஸ்.டி. சாலையில் வேகமாகப் போகும்போதுதான் முள் ஏறுகிறது என்றால் வேறு கதை. இந்தக் கார் காற்றைப் பெரும்பாலும் பம்பருக்கு அடியிலிருந்து எடுக்கிறது. காற்றை மேலே திருப்பும், கீழே தொங்கும் ஏர் டேம் என்ற தடுப்பு ஸ்பீட் பிரேக்கரில் உரசி உடைந்திருக்கும். அதையும் பார்த்து, கீழ் ஹோஸுக்குள் உள்ள கம்பிச் சுருள் துருப்பிடித்து ஹோஸ் உறிஞ்சலில் சப்பிக்கொள்கிறதா என்றும் சோதித்த பிறகு ரேடியேட்டரைக் கழற்றுங்கள்.