பில்லில் ‘11 ஃப்ரீ’ என்று எழுதியவர் இப்போது பணம் கேட்கிறார்

கேள்வி: தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். 2024 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் பழைய கம்ப்யூட்டர் இரண்டு, ஒன்று 17,000 ரூபாய் என்று வாங்கினேன். அதில் விண்டோஸ் 10 இருந்தது. “11 வேணும்னா ஃப்ரீயாவே ஏறிக்கும்” என்று சொல்லி, பில்லிலும் “விண். 11 ஃப்ரீ” என்று எழுதிக் கொடுத்தார். இப்போது ஏற்றப் பார்த்தால், இந்தக் கம்ப்யூட்டருக்குத் தகுதி இல்லை என்று திரையில் வருகிறது. கடைக்காரரிடம் கேட்டால் ஒரு சிபியுவுக்கு 3,000 கொடுங்கள், ஏற்றித் தருகிறேன் என்கிறார். வாட்ஸ்அப்பில், “இப்ப 11 போட்டுக்குங்கக்கா, நாளைக்கு 12 வந்தா அதுவும் ஃப்ரீதான்” என்று ஒரு வாய்ஸும் அனுப்பியிருக்கிறார். நம்பலாமா? வழக்குப் போட முடியுமா?

பதில்: பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பியது நல்ல காரியம் சகோதரி. கார்பன் நகலில் விலை மங்கலாகத்தான் தெரிகிறது. அதற்குக் கீழே நீல மையில் தனியாக “விண். 11 ஃப்ரீ”, பக்கத்தில் ஒரு சுழித்த கையெழுத்து. உங்கள் வழக்கு முழுக்க அந்த ஓர் அங்குல இடத்தில்தான் இருக்கிறது.

ஒரே மனிதர் இரண்டு தடவை ‘ஃப்ரீ’ என்று சொல்லியிருக்கிறார். முதலாவது, தான் விற்கிற பொருளைப் பற்றி. இரண்டாவது, அமெரிக்காவில் இருக்கிற ஒரு கம்பெனி நாளைக்கு என்ன செய்யும் என்பதைப் பற்றி. இரண்டையும் சட்டம் ஒன்றாகப் பார்க்காது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். கடலுக்குள் நீந்துகிற மீனுக்குக் கரையில் விலை சொல்வது போன்றது அது. 12 என்று ஒன்று வருமா, வந்தால் காசா, சும்மாவா என்பது மைக்ரோசாஃப்ட் எடுக்க வேண்டிய முடிவு. இதுவரை அவர்கள் நடந்துகொண்டதைப் பாருங்கள். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது மேம்படுத்திக்கொள்ள 40 டாலர் வாங்கினார்கள், அதுவும் 2013 ஜனவரி வரைக்குமான சலுகை விலை. அந்த 2013லேயே போட்டிக் கம்பெனியான ஆப்பிள் தன் மேக் கம்ப்யூட்டர்களுக்குப் புதிய பதிப்பை இலவசமாக்கியது. 2015 ஜூலை 29இல் விண்டோஸ் 10 வந்தபோது, 7ம் 8.1ம் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம் இலவசம் என்றார்கள். அந்த வருடம் முடிந்த பிறகும் பழைய பதிப்பின் உரிமச் சாவி எண்ணை விண்டோஸ் 10 ஏற்றுக்கொண்டே இருந்தது. 2023 செப்டம்பரில்தான் அந்த வழியை அடைத்தார்கள். அடைத்தபோது யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது, ஏனென்றால் திறந்து கிடந்த ஏழு வருடமும் அது சலுகைதான், உரிமை இல்லை. இந்தக் கதையை வைத்து அடுத்ததும் இலவசமாகத்தான் வரும் என்று நானும் ஊகிக்கலாம். ஆனால் ஊகத்தை வைத்து வழக்குத் தாக்கல் செய்ய முடியாது.

இன்னொன்று, அந்த வாய்ஸ் நீங்கள் கம்ப்யூட்டர் வாங்கிய பிறகு வந்தது. அதை நம்பி வாங்கினேன் என்று நீங்கள் சொல்ல வழியில்லை.

பில்லில் இருக்கிற ‘ஃப்ரீ’ அப்படியில்லை. விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபர் 5. உரிமத்தோடு விண்டோஸ் 10 ஓடுகிற, தகுதியுள்ள கம்ப்யூட்டருக்கு அது இலவசம் என்பது உண்மைதான். அந்தத் ‘தகுதியுள்ள’ என்ற சொல்லைத்தான் கடைக்காரர் விழுங்கிவிட்டார். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். உங்கள் பில்லில் ‘ஐ5, 6ஆம் தலைமுறை’ என்று அவரே எழுதியிருக்கிறார். 2024இல் கம்ப்யூட்டர் வியாபாரம் செய்கிற ஒருவர் இது எனக்குத் தெரியாது என்றால் நுகர்வோர் ஆணையம் ஏற்காது என்பது என் கணிப்பு. நிறைவேற வழியே இல்லாத உறுதியைக் கொடுத்து விற்பது 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47)இன்படி நேர்மையற்ற வணிக நடவடிக்கை. “மென்பொருள் ஃப்ரீதான், நான் கேட்கிறது ஏற்றுற கூலி” என்று அவர் மழுப்பலாம். கூலி கொடுத்தாலும் முறைப்படி ஏறாத கம்ப்யூட்டரை அவர் விற்றிருக்கிறார் என்பதே நம் பதில்.

எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது வேறொன்றாக இருக்கும்: ‘இவர் கடை நடத்துகிறவர், வணிக நோக்கத்துக்கு வாங்கியவர், நுகர்வோரே அல்ல’ என்பார். பயப்பட வேண்டாம். சுயதொழிலாக, வயிற்றுப்பாட்டுக்காக வாங்கித் தானே பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான் என்று பிரிவு 2(7)இன் விளக்கம் சொல்கிறது. 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோர்தான், கூட ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அது மாறாது என்று சொல்லியிருக்கிறது. தடைக்கால நிவாரண மனுவும், இலங்கைக் கடற்படை பிடித்துப்போனவர்களின் குடும்பங்கள் கலெக்டருக்குக் கொடுக்கிற மனுவும் நீங்களே உட்கார்ந்து அடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் புகாரிலும் அப்படியே எழுதுங்கள். ‘நிறுவனம்’, ‘பிசினஸ்’ என்று பெரிதாகப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

முதலில் கடைக்காரருக்கு ஒரு நோட்டீஸ். 15 நாள் கெடு கொடுத்து, 11 முறைப்படி ஏறக்கூடிய கம்ப்யூட்டராக மாற்றிக் கொடு, இல்லையென்றால் 34,000 ரூபாயைத் திருப்பிக் கொடு என்று நீங்களே எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம். இடையில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லி வையுங்கள். சில கடைகள் அந்த ஒரு போனுக்கே இறங்கி வந்துவிடும். அசையவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை (என் தொழிலுக்கு நானே வைக்கிற வேட்டு இது). இ-ஜாக்ரிதி என்ற நுகர்வோர் புகார் இணையதளத்தில் கடையிலிருந்தபடியே தாக்கல் செய்யலாம். காலவரம்பு இரண்டு வருடம். எந்த நாளிலிருந்து என்று வாதாட இடம் இருந்தாலும், வாங்கிய தேதியிலிருந்தே எண்ணிக்கொண்டு 2026 செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

அந்த 3,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். தகுதிச் சோதனையைத் தாண்டிக் குதித்துப் போடுகிற வித்தை அது. அப்படிப் போட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. திருட்டுப் பிரதியைப் போட்டுவிட்டால் இன்னும் மோசம். தெரிந்தே அதைப் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 63பி-யின்படி குற்றம், குறைந்தது 7 நாள் சிறைக்கும் 50,000 ரூபாய் அபராதத்துக்கும் இடம் உண்டு. இப்போதுள்ள 10 ஒழுங்கானதுதானா என்று செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதியையும் ஒரு தடவை பாருங்கள்.

கம்ப்யூட்டர் நாளைக்கே நின்றுவிடாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. ஆனால் வீட்டு உபயோகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் அதற்குக் காசு இல்லை. வழக்கு ஓடுகிற நேரத்துக்கு இது கைகொடுக்கும்.

வாய்ஸை அழிக்காமல் அதே போனில் வைத்திருங்கள். ஆணையத்தில் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டம், பிரிவு 63இன்படி ஒரு சான்றிதழும் சேர்க்க வேண்டும். 12 பற்றிய பேச்சுக்காக இல்லை, 11ஐ இன்னும் ஏற்றித் தரவில்லை என்பதை அவர் வாயாலேயே சொல்லியிருப்பதற்காக. 3,000 கேட்டதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். “எவ்வளவு அண்ணே ஆகும்?” என்று கேட்டாலே போதும், எழுதிவிடுவார்.

நோட்டீஸ் கையில் கிடைத்ததும், “பில்லைக் கொண்டாங்க, சரிபண்ணித் தர்றேன்” என்று போன் வரும். அசலைக் கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள், மிஷின்தான் உங்களிடமே இருக்கிறதே.