அழைப்பிதழில் 'பத்மஸ்ரீ' போடலாமா?

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு பத்மஸ்ரீ விருது பெற்றவர் வருகிறார். அழைப்பிதழில் பெயருக்கு முன் 'பத்மஸ்ரீ' போட்டோம், தலைமையாசிரியர் தடுக்கிறார். குன்னூரில் வாழ்ந்த மானெக்‌ஷாவை 'ஃபீல்டு மார்ஷல்' என்று எழுதவில்லையா? பதக்கம் தங்கமா? அணிந்து வரச் சொல்லலாமா? (ஒரு வாசகர், கோத்தகிரி)

பதில்: தலைமையாசிரியர் பேச்சைக் கேளுங்கள். ஃபீல்டு மார்ஷல் என்பது ராணுவப் பதவி. அரசு பட்டம் வழங்கக் கூடாது என்னும் அரசியல் சட்டப் பிரிவு 18, ராணுவத்துக்கும் கல்விக்கும் மட்டும் விலக்கு தருகிறது. அதே மானெக்‌ஷா 1968-ல் பத்ம பூஷண், 1972-ல் பத்ம விபூஷண் பெற்றவர். அவை இரண்டும் அவர் பெயரோடு ஒட்டக் கூடாதவை.

பத்ம விருது பட்டமா, இல்லையா என்ற சண்டை பழையது. 1954 ஜனவரி 2-ல் பத்ம விபூஷண் என்று ஒரே விருதுதான், முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என மூன்று படிகளில் வந்தது. ரயிலிலேயே மூன்றாம் வகுப்பு இருந்த காலம். விருதுக்கு அந்தப் பெயர் எப்படி இனிக்கும்? மறு ஆண்டே கடைசிப் படி பத்மஸ்ரீ ஆனது. 1977-ல் மொரார்ஜி அரசு விருதுகளை நிறுத்தியது. 1980 ஜனவரியில் இந்திரா அரசு மீட்டது. கேரள, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்ற வழக்குகளால் 1992-ல் மறுபடி தடங்கல்; 1993 முதல் 1997 வரை பத்ம விருதே இல்லை. 1995 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது: இவை பட்டம் அல்ல, ஆகவே செல்லும், ஆனால் பெயருக்கு முன்னும் பின்னும் போடக் கூடாது.

லெட்டர்ஹெட், அழைப்பிதழ், போஸ்டர், புத்தகம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். மீறினால் விருது பறிபோகலாம். அச்சடித்தது நீங்கள், இழப்பது விருந்தினர். பெயரை வெறுமனே போட்டு, உள்ளே அறிமுகக் குறிப்பில் 'இந்த ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றவர்' என்று எழுதுங்கள். ஃப்ளெக்ஸ் அடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

பதக்கம் வெண்கலம். ரிப்பனைப் பார்த்தே தரம் சொல்லலாம்: விபூஷணுக்குக் கோடு இல்லை, பூஷணுக்கு ஒரு வெள்ளைக் கோடு, பத்மஸ்ரீக்கு இரண்டு. பாரத ரத்னாவுக்கு முதலில் 35 மி.மீ. வட்டத் தங்கப் பதக்கம்தான் வகுத்திருந்தார்கள். பிறகு அதுவும் பிளாட்டினம் விளிம்பு கட்டிய வெண்கல அரசிலை ஆகிவிட்டது. பத்ம விருது பெற்றவருக்குக் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழ், பதக்கம், அதன் சிறிய நகல், இவ்வளவுதான் கிடைக்கும். பணமும் கிடையாது, ரயில் சலுகையும் கிடையாது.

விழாக்களில் அணிவதற்கென்றே அந்தச் சிறிய நகல். அதுவும் விருது பெற்றவர் விரும்பினால்தான், நீங்கள் வற்புறுத்தாதீர்கள்.