ஜெல் வாங்கினீர்கள், பில் வாங்கினீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வாய்க்குள் வந்த புண்ணைப் பற்றியும் அதற்குக் கொட்டிய காசைப் பற்றியும்தான். எல்லாவற்றையும் வெட்டிச் சுருக்கியிருக்கிறேன். மூன்று பக்கம் எழுதிய தெஹிவளை அன்பர் மன்னிக்கவும்.

கேள்வி: பேஸ்புக் விளம்பரம் பார்த்து வாய்ப்புண்ணுக்கு ஒரு மூலிகை ஜெல் எடுத்தேன். 'ஏழு நாளில் பூரண சுகம்' என்று போட்டிருந்தார்கள். விலை 3,800 ரூபாய். டியூபில் ஒரு இலையின் படத்தைத் தவிர வேறு எழுத்து இல்லை. ஆனால் உண்மையாகவே எட்டு நாளில் ஆறிவிட்டது. வீட்டுக்கு இன்னும் மூன்று எடுத்து வைக்கலாமா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: வேண்டாம். ஆற்றியது உங்கள் எச்சில், காசு வாங்கியது அவர்கள்.

இந்த 'ஏழு நாள்' கதையில் எனக்குப் பழைய கோபம் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உதட்டின் உட்புறத்திலோ கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ, நடுவில் வெளுத்தும் சுற்றிச் சிவந்தும் வருகிற சின்னப் புண் 7 முதல் 14 நாளுக்குள் தானாகவே ஆறும். தேன் பூசினாலும் ஆறும், ஒன்றும் பூசாமல் வீட்டில் எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தாலும் ஆறும். வாய்க்குள் படும் காயம் தோலில் படும் காயத்தை விடச் சீக்கிரம் ஆறும், தழும்பும் குறைவு. எச்சிலில் உள்ள ஹிஸ்டாட்டின் போன்ற புரதங்களுக்கு அதில் பங்கு உண்டு. விளம்பரக்காரருக்கு இது உங்களை விட நன்றாகத் தெரியும். ஏழு நாள் என்று அவர் சும்மா சொல்லவில்லை. புண் வந்து இரண்டு நாள் பொறுத்துத்தான் நீங்கள் ஓர்டர் போடுவீர்கள், சாமான் வந்து சேர இன்னும் இரண்டு நாள். அதற்குப் பிறகு அவர் சவர்க்காரத்தை அனுப்பியிருந்தாலும் 'ஏழு நாளில் சுகம்'தான். 'முன்', 'பின்' என்று போடுகிற படங்களும் அப்படியே. எந்தப் புண்ணையும் முதல் நாளும் பத்தாம் நாளும் படம் எடுத்தால் அற்புதம் நடந்த மாதிரித்தான் இருக்கும்.

அப்படியென்றால் பாமசியில் எதைத்தான் வாங்குவது? வலியைக் குறைக்க பென்சிடமின் கொப்பளிப்பு மருந்து இருக்கிறது, மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் ஜெல் இருக்கிறது. கோலின் சலிசிலேற் ஜெல்லும் உண்டு, ஆனால் அது 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடாது. ஆறும் நாளையே கொஞ்சம் குறைக்கக்கூடியது ட்ரயம்சினொலோன் 0.1 சதவீதப் பசை. அது ஸ்டீரொயிட் என்பதால் டொக்டரிடமோ பாமசிஸ்டிடமோ காட்டிக் கேட்டு வாங்குங்கள். வைரஸ் கொப்புளத்திலும் வெள்ளை படிந்த பூஞ்சைத் தொற்றிலும் அதைப் பூசினால் நிலைமை மோசமாகும். புண்ணை மெதுவாக ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, படுக்கப் போகுமுன் துளியளவு வைத்தால் போதும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் பசை உதிர்ந்துவிடும். இது எதற்கும் வசதியில்லையென்றால் ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. கட்டைச்சம்பலையும் மாங்காய் அச்சாறையும் ஒரு வாரம் தள்ளி வையுங்கள்.

புண் திரும்பத் திரும்ப வருகிறதா? அந்த 3,800 ரூபாயை இரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இரும்புச் சத்து, பி12, போலேற் குறைந்தாலும் இப்படி வரும். பற்பசையில் சோடியம் லோரில் சல்பேற் என்ற நுரைப்பொருள் இருந்தாலும் சிலருக்கு வரும். அது இல்லாத பற்பசை ஒன்றைக் கொஞ்சக் காலம் பாவித்துப் பாருங்கள்.

எழுத்தே இல்லாத டியூபைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி மருந்து என்று விற்பதென்றால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிந்திருக்க வேண்டும். ஆயுர்வேதம் என்றால் ஆயுர்வேதத் திணைக்களத்தைக் கேட்கலாம். உள்ளே என்ன, யார் செய்தது, எப்போது காலாவதி என்ற மூன்றும் இல்லாத ஒன்றை மிதியடிக்குக்கூடப் பூச வேண்டாம், நீங்கள் வாய்க்குள் பூசியிருக்கிறீர்கள்.

கேள்வி: பாமசியில் பில் கேட்டால் 'மெஷின் பழுது' என்கிறார்கள். கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா? (பம்பலப்பிட்டி)

பதில்: இருக்கிறது. கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. மெஷின் பழுதென்றால் பேனையால் எழுதித் தரட்டும்.

கேள்வி: கடைவாய்ப் பல் பிடுங்கினேன். புண் சீக்கிரம் ஆறட்டும் என்று பெரிய போத்தல் மவுத்வொஷ் வாங்கி அன்றிரவே நன்றாகக் கொப்பளித்தேன். இரத்தம் நிற்கவில்லை. மூன்றாம் நாள் காது வரைக்கும் உயிர் போகிற வலி. மவுத்வொஷ் கம்பனி மீது முறையிடலாமா? (கொட்டாஞ்சேனை)

பதில்: முறையிடலாம், உங்கள் மீது. பல் பிடுங்கியவுடன் ஒரு தாள் தருவார்கள், அல்லது வாயால் சொல்வார்கள்: 24 மணி நேரத்துக்குக் கொப்பளிக்கக் கூடாது, பலமாகத் துப்பக் கூடாது, ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சக் கூடாது, சிகரட் கூடவே கூடாது. குழிக்குள் உறைகிற இரத்தக் கட்டிதான் அங்கே மருந்து. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தண்ணீரால் அதைக் கழுவி ஊற்றிவிட்டீர்கள். எலும்பு திறந்தபடி இருந்தால் இரண்டாம், மூன்றாம் நாளில் இப்படித்தான் வலிக்கும். பிடுங்கிய டொக்டரிடமே இன்றைக்குப் போங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்துவிடுவார், வலி சட்டென்று இறங்கும். முரசில் அஸ்பிரின் குளிசையை வைக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். வைத்தால் அந்த இடம் வெந்து இரண்டாவது புண் வரும்.

கேள்வி: பத்து மாதக் குழந்தைக்கு நாக்கில் வெள்ளை. மாமி வெங்காரமும் தேனும் கலந்து தடவச் சொல்கிறார். நல்ல தேன் எங்கே வாங்கலாம்? (மட்டக்குளி)

பதில்: எங்கேயும் வாங்க வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது, வெங்காரம் குழந்தைக்கு நஞ்சு. துடைத்தும் போகாத வெள்ளையென்றால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு நிஸ்டாட்டின் துளிமருந்து இருக்கிறது. குழந்தை வைத்தியரிடம் காட்டுங்கள். மாமியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 71. வீட்டுக்கே வந்து அளவெடுத்துக் கட்டுப்பல் செய்து தருவதாக ஒருவர் 35,000 ரூபாய் வாங்கினார். பல் போட்ட நாளிலிருந்து கீழ் முரசு முழுக்கப் புண். அவர் இப்போது போனே எடுப்பதில்லை. பாமசியில் மூன்று விதமான ஜெல் வாங்கிவிட்டோம், ஆறவில்லை. (தெஹிவளை)

பதில்: அம்மாவை நினைத்தால் மனம் கஷ்டமாக இருக்கிறது. முதலில் ஜெல் வாங்குவதை நிறுத்துங்கள். பல்செட் உராய்ந்து வந்த புண் உராய்வு நிற்காமல் ஆறாது. சப்பாத்துக் கடித்த காலுக்கு மருந்து போட்டுவிட்டு அதே சப்பாத்தைத் திரும்பப் போடுகிற மாதிரி இது. பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுக் கஞ்சி, இடியப்பம் என்று சமாளியுங்கள். பல் வைத்தியரிடம் போவதற்கு முன் ஒரு நாள் மட்டும், தாங்க முடிந்தால், போட்டுக்கொண்டு போகட்டும். எங்கே அழுத்துகிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெளிவாகத் தெரியும். அந்த இடத்தைச் சீவிவிட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் புண் ஆறிவிடும். வீட்டில் அரம் கொண்டு தேய்க்காதீர்கள். பொருத்தமே சரியில்லையென்றால் புதிதாகத்தான் செய்யவேண்டி வரும். கொழும்பு 7, வோர்ட் பிளேசில் இருக்கும் தேசிய பல் ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள், அது அரச ஆஸ்பத்திரி.

காசு விஷயம். பல் வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு இருக்க வேண்டும். அந்த ஆளின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதையே முறைப்பாட்டில் எழுதுங்கள். பில் தந்திருக்க மாட்டார், தெரியும். வங்கியில் போட்ட சிலிப், வட்ஸ்அப் செய்திகள், அம்மாவின் முரசுப் படம், பல் வைத்தியர் எழுதித் தரும் குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போங்கள். தொலைபேசி இலக்கம் 1977. பொருளை விற்ற அல்லது சேவையைத் தந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், அதனால் தள்ளிப் போடாதீர்கள். உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபைக்கும் எழுதலாம். அங்கே கூப்பிட்டு உட்கார வைத்தால் ஆள் ஒரு பகுதியையாவது தருவார் என்று நம்புகிறேன்.

கேள்வி: குளோரெக்சிடின் மவுத்வொஷ் ஐந்து மாதமாகப் பாவிக்கிறேன். முன்பல் எல்லாம் மண்ணிறமாகிவிட்டது. காசைத் திருப்பிக் கேட்கலாமா? (கொள்ளுப்பிட்டி)

பதில்: கேட்க முடியாது. கறை பிடிக்கும் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே இருக்கிறது. சத்திரசிகிச்சை முடிந்து பல் துலக்க முடியாத நாட்களில் கிருமியை அடக்க அது நல்ல மருந்து, ஆனால் ஐந்து மாதம் யார் குடித்தனம் நடத்தச் சொன்னது? பிளேன்டீ குடிப்பவர்களுக்குக் கறை இன்னும் கூடும். நாக்கு ருசியும் கெடும். பற்பசை போட்ட கையோடு கொப்பளித்தால் மருந்தின் வேலை குறையும், அரை மணி நேரம் விட வேண்டும். கறை மேலோட்டமானது, பல் சுத்தம் செய்தால் போய்விடும்.

அதற்குப் பிறகு 'வெண்மையாக்கும்' மவுத்வொஷ் என்று எதையாவது வாங்கிவிடாதீர்கள். என் அலுமாரியில் அப்படி ஒன்று முக்கால் போத்தல் கிடக்கிறது. பல் வெளுக்கவில்லை, வாய் மட்டும் எரிந்தது. பக்கத்தில் நாக்கு வழிக்கும் மின்சாரக் கருவியும் கிடக்கிறது, அதைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

கேள்வி: அப்பா வெற்றிலை போடுகிறவர். கன்னத்துக்குள் ஒரு புண், இரண்டு மாதமாகிறது, வலி அவ்வளவு இல்லை. நாலு வகை ஜெல் மாற்றிவிட்டோம். இவற்றில் எது நல்லது? (கிராண்ட்பாஸ்)

பதில்: ஒன்றும் இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணுக்குக் கடையில் மருந்து கிடையாது. வலி இல்லை என்பது ஆறுதல் அல்ல, அதுதான் எனக்குப் பயம். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும், புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் முதல் வரிசையில் இருப்பது வாய்ப்புற்று. எல்லா ஆறாத புண்ணும் அது அல்ல, உடைந்த பல் குத்தினாலும் ஆறாமல் இருக்கும். பார்த்துத்தான் சொல்ல முடியும், தேவையென்றால் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். நாளைக் காலை அப்பாவை வோர்ட் பிளேஸ் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வெற்றிலைப் பையை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். பூசிய நாலு டியூபையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: மணத்தக்காளிக் கீரை வாய்ப்புண்ணை ஆற்றுமா? சந்தையில் ஒரு பிடி நல்ல விலை சொல்கிறார்கள். (வெள்ளவத்தை)

பதில்: சொதி வைத்துச் சாப்பிடுங்கள், மிளகாய் போடாமல். விலை கூடவென்றால் பேரம் பேசுங்கள், பின்னேரம் போனால் குறைப்பார்கள்.