தூது போகும் பிள்ளை

மதிப்பிற்குரிய ஐயா,

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் நகையை அடகு வைத்து, என் கணவர் தம் தங்கையின் திருமணத்துக்குப் பணம் கொடுத்தார். சண்டை அதில் தொடங்கியது. பிள்ளைகள் முன்னால் சத்தம் போடக் கூடாது என்பதற்காக 4 மாதங்களாக நாங்கள் நேராகப் பேசிக்கொள்வதில்லை. வேண்டியதை 11 வயது மகளிடம் சொல்லி அனுப்புகிறோம். அவள் வரவர மிகவும் பொறுப்பாக நடந்துகொள்கிறாள் என்று வகுப்பு ஆசிரியை பாராட்டினார். அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாங்கள் செய்வது சரிதானா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

அந்தப் பாராட்டைக் கேட்டு உங்களுக்கு வயிற்றைப் பிசைந்ததே, அதைத் தட்டிக் கழித்துவிடாதீர்கள்.

எனக்கு 9 வயதிருக்கும்போது என் பெற்றோர் ஒரு மழைக்காலம் முழுவதும் பேசிக்கொள்ளவில்லை. அடுப்படிக்கும் திண்ணைக்கும் இடையே நான்தான் தூது. “ஆறிப்போன சோத்தைத் திங்கணும்னு தலையெழுத்தான்னு கேளு” என்பார் அம்மா. கூடத்தைக் கடப்பதற்குள் அதை நான் “அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க” என்று மாற்றியிருப்பேன். “எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்று அப்பா சொன்னால், “அஞ்சு நிமிஷத்துல வராங்களாம்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அந்த ஐந்து நிமிடமும் அப்பா எழுந்து வர வேண்டுமே என்று தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த வருடம் என்னையும் எல்லோரும் சமத்து என்றுதான் சொன்னார்கள்.

உங்கள் மகளும் நீங்கள் சொல்லி அனுப்புவதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை என்றே நினைக்கிறேன்.

சத்தம் இல்லாவிட்டால் பிள்ளைக்குத் தெரியாது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வேரோடியிருக்கிறது. அமெரிக்காவின் நோட்ர் டாம் பல்கலைக்கழகத்து உளவியலாளர் மார்க் கம்மிங்ஸ், பெரியவர்கள் பிணங்கும் காட்சிகளைக் குழந்தைகளுக்குக் காட்டி, அவர்கள் எப்படித் தவிக்கிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கோபமும் குழந்தைகளைக் கலக்குகிறது என்று அவர் கண்டார். அதே ஆய்வுகளில் ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு: சண்டை தீர்ந்ததைப் பார்த்த குழந்தைகளின் கலக்கம் பெருமளவு தணிந்தது, தீர்ந்துவிட்டது என்று பிறகு விளக்கிச் சொன்னதுகூட அவர்களுக்கு உதவியது.

இந்த இரண்டாவது செய்தியைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. நம் வீடுகளில் சண்டை கூடத்தில் நடக்கிறது, சமாதானமோ பிள்ளைகள் தூங்கிய பிறகு நடக்கிறது. என் வீட்டிலும் ஒருநாள் காலையில் கண் விழித்தபோது, அப்பா அடுப்படியில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். முந்தைய இரவு யார் முதலில் பேசினார்கள், யார் இறங்கி வந்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கோபித்துக்கொள்வதை அவர்களிடம் கற்றுக்கொண்ட நான், அந்தக் கோபத்திலிருந்து திரும்பி வரும் வழியைத் திருமணமாகிப் பல ஆண்டுகள் கழித்து என் மனைவியிடம்தான் கற்றேன்.

நகை விஷயத்தில் உங்கள் வருத்தம் நியாயமானது. கேட்காமல் எடுத்தது தவறு. அதைப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில், அடகுச் சீட்டை நடுவில் வைத்துக்கொண்டு, எப்போது எப்படி மீட்பது என்பதிலிருந்து தொடங்கிப் பேசுங்கள். ஒரே நாளில் முடியாது. வட்டிக் கணக்கும் நாத்தனார் பெயரும் மகளின் காதுக்குப் போக வேண்டியதில்லை, யார் பக்கம் நியாயம் என்று அவளிடம் கேட்கவே கூடாது. ஆனால் பேசி முடித்ததும், முடித்துவிட்டோம் என்பதை அவள் அறிய வேண்டும்.

வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் நான் சொல்வது எதுவும் பொருந்தாது. அப்போது பொறுத்துப் போகாமல், பெண்களுக்கான 181 உதவி எண்ணை அழைக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை.

நகை விஷயம் பேசித் தீரும்வரை காத்திராமல், இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மகளை அருகில் உட்காரவைத்து, “எனக்கும் அப்பாவுக்கும் ஒரு மனத்தாங்கல். அது உன்னால் வந்ததில்லை, அதைத் தீர்ப்பதும் உன் வேலையில்லை. இனிமேல் அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்” என்று சொல்லுங்கள். இன்று இரவு தட்டு வைத்ததும், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீங்களே கூடத்துக்குப் போய், “சாப்பாடு எடுத்து வெச்சிட்டேன், வாங்க” என்று அவரைக் கூப்பிடுங்கள்.