தாத்தாவின் ஆறு மா நிலம்: மத்திய சேம நிதி (மசேநி) பணத்தில் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. ஈசூனில் இருக்கிறேன். சிங்கப்பூர்க் குடியுரிமை, இந்திய வம்சாவளி வெளிநாட்டினருக்கான ஓசிஐ அட்டையும் உண்டு. அப்பா 1955இல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். தாத்தா ஒரத்தநாடு பக்கம் விவசாயி. ஆறு மா (ஏறத்தாழ இரண்டு ஏக்கர்) நஞ்சை, எல்லாம் அவர் பெயரில் கிரயம் வாங்கியது. அவர் 1984இல் உயில் எழுதாமல் இறந்தார். பிறகு பாட்டி, பெரியப்பா, 2019இல் அப்பா. பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான். பயிர் செய்வது பெரியப்பா மகன். அத்தைக்கு அப்போதே சீர் செய்தாகிவிட்டதாம். இப்போது அந்த அண்ணனுக்குக் கடன். “வெளியாள் கைக்குப் போக வேண்டாம், நீயே எடுத்துக்கோ” என்று 45,000 வெள்ளி கேட்கிறார். 2026இல் 55 வயது ஆனதும் மசேநியிலிருந்து எடுத்துக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் இந்தியாவில் வீடு வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. சொந்த அண்ணனிடம் வாங்கினாலும் அது வாங்குவதுதான். “பத்திரம் என் பேரில் இருக்கட்டும், நிலம் உன்னுது” என்று அவர் சொன்னால் அதற்கும் இசையாதீர்கள். அது பினாமி. 1988இல் வந்த சட்டம் 2016இல் இன்னும் கடுமையாகிவிட்டது; நிலமே அரசிடம் போய்விடலாம். வாரிசாக வரும் பங்கு வேறு விஷயம். அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

அண்ணனிடம் விற்க என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தாத்தா சுயமாக வாங்கிய நிலம் என்பதால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பாட்டி, பெரியப்பா, அப்பா, அத்தை நால்வருக்கும் சம பங்கு. பாட்டியின் பங்கும் பிறகு அந்த மூன்று பிள்ளைகளுக்கே. ஆக, ஆளுக்கு இரண்டு மா. சீர் செய்தது அத்தையின் உரிமையை அழிக்காது. அவராகப் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதியிருந்தால்தான் அது போகும். பெரியப்பாவின் இரண்டு மாவிலும் பெரியம்மா, அண்ணன், அவருடைய உடன்பிறந்தவர்கள் எல்லாரும் பங்காளிகள். அண்ணன் தன் பங்குக்கு மேல் ஒரு குழியைக்கூட உங்களுக்கு எழுதித் தர முடியாது. பூர்வீகமாக வந்த துண்டு ஏதாவது கலந்திருந்தால் கணக்கு வேறு மாதிரிப் போகும். மூலப்பத்திரத்தை வழக்கறிஞர் பார்க்கட்டும்.

அப்பாவின் இரண்டு மா, அதாவது 200 குழி, அம்மாவுக்கும் உங்களுக்கும் தம்பிக்கும் வருகிறது. தலைக்கு 66 குழி சொச்சம். ஒரு ஏக்கரில் கால் பங்குகூட இல்லை. அம்மாவுக்கும் தம்பிக்கும் ஓசிஐ இல்லையென்றால் அவர்கள் பங்கு என்ன ஆகும் என்பதை வழக்கறிஞரிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

உங்கள் மின்னஞ்சலோடு வந்த அந்த நீலநிற ஏர்மெயில் கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மடிப்பில் மை கலைந்திருக்கிறது, ஆனால் “நீ அனுப்பிய பணத்தில் வாய்க்கால் ஓரத்து மூணு மா முடிஞ்சது” என்று தாத்தா 1962இல் எழுதிய வரி தெளிவாகவே இருக்கிறது. கப்பல் தளத்துச் சம்பளம் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் வயலாகியிருக்கிறது. அதற்காக அப்பாவுக்குச் சட்டத்தில் கூடுதல் பங்கு கிடைக்காது. பத்திரம் தாத்தா பெயரில் இருக்கிறதே. ஆனாலும் எல்லாரும் கூடிப் பேசும்போது அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள். நாற்பது வருடமாக வரப்பு வெட்டி, தண்ணீர் பாய்ச்சி அந்த நிலத்தைத் தரிசாகவிடாமல் காத்தது பெரியப்பா வீடு என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

சரி, மசேநி. 2026இல் 55 வயதாகிறவர்களுக்கு முழு ஓய்வுக்காலத் தொகை 220,400 வெள்ளி. அதை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதைத்தான் பொதுவாக எடுக்க முடியும். அவ்வளவு சேராதவர்களும் 5,000 வெள்ளி வரை எடுக்கலாம். ஓய்வுக்காலக் கணக்கில் இப்போது 4 விழுக்காடு வட்டி கிடைக்கிறது. வயதான காலத்தில் மாதாமாதம் கைக்கு வரப்போகும் பணத்தை ஊர்க் கடனில் கரைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அண்ணனுக்கு உதவ மனமிருந்தால் நிலத்தோடு முடிச்சுப் போடாமல், திரும்பி வராவிட்டாலும் உங்களால் தாங்க முடிகிற ஒரு தொகையைக் கொடுங்கள்.

செய்ய வேண்டிய வேலை காகித வேலை. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றிதழும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். அப்பாவின் சிங்கப்பூர் அடையாள அட்டையில் பெயர் ஒரு விதமாகவும் ஊர்ப் பதிவில் இன்னொரு விதமாகவும் இருக்கும். அந்தச் சிக்கலை இப்போதே சரிசெய்யுங்கள். வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, நிலத்தின் மேல் அடமானம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பாகப்பிரிவினைப் பத்திரம், அவரவர் பெயரில் பட்டா. நேரில் போக முடியாவிட்டால் இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பலாம். ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பாகப்பிரிவினைக்கும் பட்டா மாற்றத்துக்கும் மட்டும் அதிகாரம் கொடுங்கள், விற்க வேண்டாம்.

பிறகு உங்கள் பங்கை வைத்துக்கொண்டு அண்ணனையே பயிர் செய்யச் சொல்லலாம். எழுத்தில் ஒரு குத்தகை ஒப்பந்தம் இருக்கட்டும். அவருக்கே தானமாகவும் கொடுக்கலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். நகராட்சி எல்லையிலிருந்து தள்ளியிருக்கும் கிராமத்து விவசாய நிலத்துக்கு அங்கே மூலதன ஆதாய வரி இல்லை, இங்கேயும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அத்தைக்கு ஃபோன் போடுங்கள். அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். தாத்தாவுக்கு வேறு பிள்ளைகள் இருந்தார்களா, அவர்களில் யாராவது கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகு இறந்தார்களா என்று கேட்டு, பெயர்களை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.