மோரிஸ் மைனர் 1000: பெரிய எஞ்சினுக்கு ஏற்ற முன் சஸ்பென்ஷன்

மோரிஸ் மைனர் காரின் முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக வேலை செய்வது டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி; அதன் பின்முனை லீவரை நகர்த்தி மாட்டினால் முன்பக்கம் உயரும். ஆனால் 948 சிசி எஞ்சினுக்குப் பதிலாகக் கனமான எஞ்சினைப் பொருத்தியபின், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வண்டி முன்னால் அமுங்குவதாக நீங்கள் எழுதியிருக்கும் குறை அதனால் தீராது. உயரம் வேறு, விறைப்பு வேறு. விறைப்பு கம்பியின் விட்டத்தினுடைய நான்காம் அடுக்கின்படி கூடுவதால், அதே நீளத்தில் 10 சதவீதம் தடித்த பார் சுமார் 46 சதவீதம் கூடுதல் விறைப்பைத் தரும். சாலையில் ஓட்டும் வண்டிக்கு அதற்கு மேல் தேவைப்படாது என்பது என் கருத்து.

பார் வாங்குவதற்கு முன் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். இந்தக் காரில் லீவர் வகை ஷாக் அப்சார்பரின் கையே சஸ்பென்ஷனின் மேல் ஆர்மும் ஆகும். அதில் எண்ணெய் கசிந்து குறைந்திருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். மட்கார்டை அழுத்தி விடுங்கள்: ஒருமுறை எழும்பி நிற்காமல் ஊஞ்சல்போல ஆடினால் சந்தேகம் உறுதி.

அடுத்து, சஸ்பென்ஷனின் கீழ் ஆர்மின் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, டயருக்குக் கீழே கடப்பாரை கொடுத்து நெம்பியபடி கீழ் ட்ரன்னியனை, அதாவது சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு கீழ் ஆர்மோடு மரையால் இணையும் பாகத்தை, கவனியுங்கள். அதன் மரை தேய்ந்து கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். மைனர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அஞ்சுவது இதற்குத்தான்.

ஒரு எச்சரிக்கை: தடித்த பாரின் முறுக்கு முழுவதும் பின்னாலுள்ள குறுக்குச் சட்டத்தில்தான் இறங்கும் என்பதால், அங்கே துரு அரித்திருந்தால் முதலில் வெல்டிங் வேலையை முடித்துவிடுங்கள். பழைய பார்களையே மீண்டும் மாட்டுவதானால் இடது வலது மாற்றிவிடாதீர்கள்.