தாள் நடுங்குகிறது, என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு என்னைச் செயலாளராகத் தெரிவுசெய்திருக்கிறார்கள். ஆண்டு விழாவில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். சென்ற முறை நன்றியுரை சொல்ல எழுந்தபோது கையிலிருந்த தாள் படபடவென்று ஆடியது. மனப்பாடம் செய்தது பாதியில் மறந்துபோய், 'நன்றி, வணக்கம்' என்று சொல்லி இறங்கிவிட்டேன். வயது 34. இனியும் பழக முடியுமா அக்கா?
வாசகி, கொடிகாமம்

பதில்: முடியும் தங்கச்சி. முதலில் அந்த மனப்பாடத்தை விட்டுவிடுங்கள். ஏழாம் வாய்ப்பாட்டை நடுவில் தவறவிட்ட பிள்ளை மறுபடி ஓரேழிலிருந்துதான் தொடங்கும். மனப்பாடப் பேச்சும் அப்படித்தான். ஒரு சொல் நழுவினால் அடுத்த சொல்லுக்குப் போகப் பாதை கிடையாது. மேடையிலோ முதலிலிருந்து தொடங்க முடியாது.

எனக்குப் பேசக் கற்றுத் தந்தவர் என் அம்மப்பா. பார்வை மங்கிய பிறகு பின்னேரங்களில் விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு, பத்திரிகையை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கூட்டம் எங்கே நடந்தது, யார் தலைமை தாங்கினார், எவர் எவர் வந்தார்கள் என்று செய்தி ஒரே வாக்கியமாக நீண்டுகொண்டு போகும். அம்மப்பா கையை உயர்த்துவார். "யார் என்ன செய்தார்கள் பிள்ளை?" என்பார். எனக்கே தெரிந்திருக்காது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அது வந்து சேரும்வரை, முன்னால் சொன்ன அத்தனையையும் கேட்பவர் மனதில் சுமந்துகொண்டிருக்க வேண்டும். வாசிப்பவர் கண்ணை மேலே ஓட்டித் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம். காதுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே உங்கள் உரையை எழுதியதும் வினைமுற்றுக்களை எண்ணிப் பாருங்கள். 'எமது நிலையத்தினால் கடந்த ஆண்டு முன்னெடுக்கப்பட்ட மாலைநேர வகுப்புக்களின் ஊடாகப் பயனடைந்த மாணவர்களின் எண்ணிக்கை 26 ஆகும்' என்று எழுதியிருப்பீர்கள். அறிக்கையில் அது இருக்கட்டும். பேசும்போது, 'போன வருடம் மாலை வகுப்புத் தொடங்கினோம். 26 பிள்ளைகள் வந்தார்கள். வாங்கு போதவில்லை. பாய் விரித்து இருத்தினோம்' என்று சொல்லுங்கள். இதை மறக்கவும் முடியாது. பாய் விரித்தவரே நீங்கள்தானே.

தாள் விஷயம். பயம் வந்தால் உடலில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, நாக்கு வறள்கிறது, கை நடுங்குகிறது. பல வருடம் பேசியவர்களுக்கும் இது வரும். பெரிய மெல்லிய தாள் அந்தச் சிறு நடுக்கத்தைப் பெரிதாக்கி ஊருக்கே காட்டிவிடும். தபாலட்டை அளவில் தடித்த மட்டை ஒன்றை எடுத்து, 'வகுப்பு – பாய்', 'கிணறு இறைத்தது', 'புத்தக அலுமாரி' என்று மூன்று குறிப்பு மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மாத்திரம் நெஞ்சில் இருக்கட்டும். கடைசி வாக்கியம் தெரியாமல் ஏறியவர்கள்தான் இறங்க வழியின்றி 'இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்' என்று மூன்று தரம் சொல்வார்கள். எழுமுன் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். ஒலிவாங்கியைத் தட்டவோ ஊதவோ வேண்டாம்.

எங்கள் ஊர் மேடைகளில் என்னை வருத்துகிற வழக்கம் ஒன்று உண்டு. தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே, சிறப்பு விருந்தினர்களே, கௌரவ விருந்தினர்களே என்று ஒவ்வொருவரும் எழுந்து முழுப் பட்டியலையும் மறுபடி சொல்கிறார்கள். வெயிலில் நடந்து வந்து பின் வரிசையில் இருக்கும் அம்மாவை யாரும் விளிப்பதில்லை. தலைவரை விளியுங்கள், சபையை விளியுங்கள், விஷயத்துக்கு வாருங்கள். பேசும்போது அந்த அம்மாவைப் பாருங்கள். அவருக்குக் கேட்டால் எல்லோருக்கும் கேட்கும்.

1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். வயது 25. நாவலர் என்ற பட்டம் கிடைத்தது 1849இல்தான். பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்தவர் அவர். பாதிரிமாரின் பிரசங்க முறையை அருகில் இருந்து கண்டு, அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்தார். இதைப் பலரும் சொல்வார்கள். என் மனதில் நிற்பது வேறொன்று: வெள்ளிக்கிழமைதோறும் பேசினார். ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா பேசினால் நாக்கு எப்படிப் பழகும்? நிலையத்துக்கு வரும் பிள்ளைகளை வாரத்தில் ஒரு நாள் கூட்டிவைத்து, அன்றைய பத்திரிகைச் செய்தி ஒன்றைச் சொல்லிக் காட்டுங்கள். வாசிக்க வேண்டாம், சொல்லுங்கள். பிள்ளைகள் முகத்தைத் திருப்பும் இடத்தில் உங்கள் வாக்கியம் நீண்டுவிட்டது என்று தெரிந்துகொள்வீர்கள்.

கேள்வி: மகள் தரம் 6இல் படிக்கிறாள். தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்கு நல்லதொரு பேச்சை யாரிடம் எழுதி வாங்கலாம்?
தாய், சுன்னாகம்

பதில்: யாரிடமும் வாங்க வேண்டாம். நான் நடுவராக இருந்த போட்டியொன்றில் ஒன்பது பிள்ளைகள் ஒரே ஏற்ற இறக்கத்தில், ஒரே இடத்தில் கையை வீசிப் பேசினார்கள். பெரியவர்கள் எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிந்தது. பத்தாவதாக வந்த சிறுமி தங்கள் வீட்டுக் கிணறு உவர்த்துப்போனதைச் சொன்னாள். அம்மா சைக்கிளில் போத்தல் கட்டிக்கொண்டு ஒழுங்கைக் கடைசி வீட்டுக்கு நல்ல தண்ணீர் எடுக்கப் போவதையும், விருந்தாளி வந்தால் எந்தப் போத்தலிலிருந்து தேநீர் வைப்பார் என்பதையும் சொன்னாள். இரண்டு இடத்தில் தடுக்கினாள். நான் புள்ளியிடும் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டேன்.

இன்றிரவு சாப்பிடும்போது, பள்ளிக்கூடத்தில் இந்தக் கிழமை என்ன நடந்தது என்று மகளிடம் கேளுங்கள். அவள் சொல்லும்போது குறுக்கே திருத்தாதீர்கள். முடித்ததும், 'இதையே நாளைக்கு அப்பம்மாவுக்கும் சொல்லு' என்று அனுப்பிவையுங்கள்.